சருகை எரிக்காத வீடு

என் மாமியாருக்கு ஒரு கணக்கு உண்டு. மார்கழி விடியலில் வெந்நீர் அடுப்பை ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துவிட வேண்டும். இரண்டாவது குச்சியை உரச நேர்ந்தால் அன்றைக்கு மதியம் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். குற்றம் குச்சியுடையது அல்ல, விறகை அடுக்கியவருடையது என்பது அவர் கட்சி. விறகை அடுக்கியவள் நான்.

நாங்கள் இருப்பது கடப்பாக்கம். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஊதிப் பெருத்தபோது மணலி மண்டலத்தோடு சேர்ந்து உள்ளே வந்த ஊர். சொத்துவரி ரசீதில் சென்னை என்றுதான் இருக்கும். ஆனால் தெருமுனையில் ஏரிக்கரை, அதைத் தாண்டி வயல், வயலில் எருமை. எங்களுடையது ஒன்றரை ஏக்கர். என் மாமனார் உயிரோடு இருந்தபோது பின்பாதி முழுக்கச் சவுக்கு வைத்தார். முன்பாதியில் மா, வேம்பு, பூவரசு, நாவல், இரண்டு முருங்கை, வரப்போரம் ஒன்பது பனை. வேலிக்கு ஒதியம். ஒதியங்கிளையை வெட்டி நட்டால் போதும், அது பாட்டுக்குத் துளிர்த்து மரமாகிவிடும். கார்த்திகை முடிவதற்குள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, வெளிநாட்டுக் காலண்டரில் வருகிற பனிக்கால மரம் மாதிரி மொட்டையாக நிற்கும். பார்க்க அழகு. அடுப்புக்கு ஆகாது. ‘ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது’ என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டையில் ஒரு சந்து. எங்கள் சந்துக்கு மொத்தமாக ஒரு முருங்கை மரம். விறகு என்றால் எங்களுக்கு விறகுத்தொட்டிதான். பெரிய தராசு, கறுத்துப்போன எடைக்கற்கள், வாசலில் குவிந்து கிடக்கும் சவுக்குக் கட்டைகள், அந்தப் புளித்த மர வாசனை. அங்கே எடை போட்டு வாங்கிவந்த பொருளை இங்கே நானே வெட்டி, பிளந்து, காயவைத்து, அடுக்க வேண்டியிருக்கும் என்று கல்யாணத்தின்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

சென்னையில் ஏது குளிர் என்று பாரிமுனை அலுவலகத்தில் கேட்பார்கள். இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரில். எனவே அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரங்களுக்கு நடுவில் இருப்பவர்களுக்குக் குளிர் என்பது டிகிரியில் வருவதில்லை, ஈரத்தில் வருகிறது. மழை இல்லாத இரவில் எங்கள் தகரக் கூரையின் மேல் சொட்டுச் சத்தம் கேட்கும். முதல் வருடம் தூறல் என்று நினைத்துத் துணியை எடுக்க ஓடினேன். வெளியே வானம் முழுக்க நட்சத்திரம். சவுக்கு தன் ஊசிகளால் பனியை வாரியெடுத்து, துளியாக்கி, கீழே விட்டுக்கொண்டிருந்தது. விடிந்ததும் பார்த்தால் சவுக்குக்கு அடியில் மட்டும் மணல் நனைந்து, புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கும்.

அந்த ஊசி உண்மையில் இலை அல்ல, மெலிந்த கிளை. கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் கண்ணை இடுக்கிப் பார்த்தால் பல் மாதிரி ஒரு வளையம் தெரியும். அதுதான் இலை. என் மகள் ஓர் ஊசியை ஏதாவது ஒரு கணுவில் பிய்த்து, மறுபடி அதே இடத்தில் செருகி, எங்கே ஒட்டு என்று கேட்பாள். கண்டுபிடிக்கவே முடியாது. அவள் அத்தையும் சிறு வயதில் இதையேதான் விளையாடினாளாம்.

சவுக்கு இந்த மண்ணின் மரம் அல்ல. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியக் கடற்கரைகளிலிருந்து வந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியபோது என்ஜின்களுக்கு விறகு தேவைப்பட்டது. சமையலுக்கும் பட்டணம் முழுக்க விறகுதான். வெறும் மணலில் வேகமாக வளர்ந்து, நான்கைந்து வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடுகிற மரம் கிடைத்தால் விடுவார்களா? வேரில் இருக்கும் முடிச்சுகளில் ஒரு நுண்ணுயிரி குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் உரமும் பெரிதாகக் கேட்காது. கிலோவுக்குச் சுமார் 5,000 கிலோ கலோரி வெப்பம் தரும் என்பார்கள். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “சவுக்கு நின்று எரியும், மற்றதெல்லாம் ஓடி எரியும்” என்பார். அது போதும்.

நின்று எரிவதற்கு முன்னால் அது காய வேண்டும். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

பங்குனியில் வெட்டிய கட்டைகளைப் பிளந்து, மிலாறை, அதாவது மெல்லிய சுள்ளிகளை, தனியாகக் கட்டி, எல்லாவற்றையும் சுவரை ஒட்டி ஒழுங்காக அடுக்கினேன். மழை வருமே என்று நீலத் தார்ப்பாயால் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி தலை முதல் கால் வரை மூடினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, போட்டோகூட எடுத்தேன். கார்த்திகையில் திறந்தபோது உள்ளே பூசணம். அடிவரிசையைத் தூக்கினால் கை லேசாக இருந்தது. பட்டைக்கு உள்ளே மரம் இல்லை. கரையான் சாவகாசமாகத் தின்றுவிட்டு, இருந்த இடத்தில் மண்ணை நிரப்பி வைத்திருந்தது. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. “கரையானுக்குப் பந்தல் போட்டு விருந்து வைத்திருக்கிறாய் அம்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இப்போது எங்கள் அடுக்கு நிற்பது இரண்டு பனந்துண்டுகளின் மேல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. மூடுவது மேல் பக்கத்தை மட்டும், ஒரு பழைய தகரத்தால். நான்கு பக்கமும் காற்று புகுந்து வரவேண்டும். சாரல் அடித்தால் அடிக்கட்டும், நனைந்த மேல்தோல் இரண்டு நாளில் உலர்ந்துவிடும். உள்ளே புழுங்கினால்தான் மீட்பு கிடையாது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்ட வேண்டும். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது தொப்பென்று சாகும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். பிளக்கும்போது ஆப்பை வைக்க வேண்டியதும் அந்த வெடிப்பில்தான். கணு இருக்கிற பக்கம் கோடாலியை ஓங்கினால் கோடாலி அங்கேயே குடியேறிவிடும். அதை அசைத்துப் பிடுங்குவதற்குள் குளிர் போய்விடும் என்பது வேறு விஷயம்.

அடுப்பு மூட்டுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. அடியில் தென்னம் பன்னாடை, அதன் மேல் காய்ந்த பாளையைக் கீறியது, பிறகு மிலாறு, இரண்டு கொட்டாங்குச்சி, கடைசியாகப் பிளந்த சவுக்கு மூன்று, நுனிகள் மட்டும் சந்திக்கிற மாதிரி. தென்னை பக்கத்து வீட்டுடையது. அதற்குப் பதிலாக அவர்களுக்கு நாங்கள் வருடத்தில் இரண்டு முறை நாவற்பழமும் மாங்காயும் கொடுக்கிறோம். குளியலறையில் கீசர் இருக்கிறது. சமையலறையில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் மார்கழியில் அண்டாவில் காய்ந்த வெந்நீர்தான் உடம்பில் நிற்கும் என்கிறார் அத்தை. கீசர் தண்ணீர் துடைத்தவுடன் ஆறிவிடுகிறதாம். இதை அறிவியலால் மறுக்கலாம். நான் மறுக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

விறகு விஷயம் இப்படித் தேறிவிட்டது. சருகு விஷயத்தில்தான் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

நான் வந்த முதல் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாவடியில் குவிந்திருந்த சருகை எல்லாம் கூட்டி வாரி, ஓர் ஆள் உயரத்துக்குக் குவித்துக் கொளுத்தினேன். பாதி ஈரம். தீ வரவில்லை, புகைதான் வந்தது. நான் எதிர்பார்த்தது அது மேலே போய்விடும் என்று. அது போகவில்லை. இடுப்பு உயரத்துக்கு எழும்பி, அப்படியே படுத்து, வேலி வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் நடந்துபோனது. கோடைக்காலத்தில் சூடான தரைக்காற்று மேலே எழும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் ஆறி, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். புகைக்கு வழி கிடையாது. இதை நான் பள்ளியில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் கையில் தீப்பெட்டி இருக்கும்போது நினைவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இழுப்பு உண்டு. இரவு எட்டரைக்கு அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் திரும்பிவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை. வேலியோரம் துணி காயப்போடும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து வடகிழக்கே உயரமான புகைபோக்கிகள் தெரியும். ஐப்பசி முதல் தை வரை காற்று அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. மா இலையை விரலால் துடைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். அதைப் பார்த்துப் பார்த்துப் புலம்பியவள் நான். ஊர்ப் புகையைக் குறை சொல்லிவிட்டு என் பங்குக்கு நானும் ஒரு புகைபோக்கி நட்டுவைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன், இனிமேல் இந்த வீட்டில் சருகு எரிப்பதில்லை என்று.

“எரிக்காமல்? வைத்துப் பூஜை செய்வதா?” என்றார் அத்தை. பிறகு, “பாம்பு வரும்” என்றார்.

அவர் பயம் வெறும் பயம் அல்ல. மழைக்காலத்தில் வளைகளில் தண்ணீர் புகுந்து பாம்புகள் மேட்டுக்கு வரும். கார்த்திகை, மார்கழியில் கண்ணாடிவிரியன் நடமாட்டம் கூடும். காய்ந்த சருகின் மேல் அது சுருண்டிருந்தால் ஒரு முழத் தூரத்தில் நின்றாலும் தெரியாது. நிறம் அப்படி. விறகு அடுக்கின் இடுக்குகளுக்குக் கட்டுவிரியன் வரும். எனவே உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டோம். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு சருகு இருக்கக் கூடாது. வெந்நீர் அடுப்புக்கும் விறகுக்கும் போகிற பாதை வெறும் மண்ணாக இருக்க வேண்டும். விறகை எடுக்கும் முன் கழியால் அடுக்கை இரண்டு தட்டு தட்ட வேண்டும், கையில் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. அதற்கு அப்பால் மாவும் நாவலும் பூவரசும் உதிர்ப்பது உதிர்த்த இடத்திலேயே கிடக்கலாம். இந்தப் பத்தடிக்காகத் தினமும் கூட்டுகிறவள் நான் என்பதையும் உடன்படிக்கையில் சேர்த்துவிட்டார்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல என்பது பிறகுதான் புரிந்தது. மாவிலைச் சருகு இரண்டு மழையில் பதமாகி, அடியில் கறுப்பாக, ஈரமாக, மண்வாசனையோடு மாறிவிடுகிறது. கையால் விலக்கினால் மண்புழு, மரவட்டை, பெயர் தெரியாத பத்துப் பூச்சிகள். சவுக்கு ஊசி அப்படி அல்ல. மெத்தை மாதிரி சேர்ந்துகொண்டே போகும், சீக்கிரத்தில் மட்காது. அதற்கு அடியில் புல்கூட முளைக்காது. கோடையில் ஒரு பீடித் துண்டு போதும். ஆகவே அதை மட்டும் பங்குனிக்கு முன் வாரி மூட்டையாகக் கட்டி அடுப்புக்கு வைத்துக்கொள்கிறோம். எதையும் எரிக்கமாட்டேன் என்று நான் சபதம் எடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

புயல்களைப் பற்றி எழுதாமல் வடசென்னையில் குளிர்காலத்தைப் பற்றி எழுத முடியாது. 2016 டிசம்பர் 12, வர்தா. பிற்பகலில் காற்று மாறி மாறி அடித்து ஓய்ந்தபோது பதினோரு சவுக்கு மரங்கள் மேற்கே தலைவைத்துப் படுத்திருந்தன. இரண்டு வருடத்துக்கு விறகுக் கவலை இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். அது ஆறுதலாக இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு நாள் விடாத மழை. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு வழியாக அது எங்கள் பக்கமாகத்தான் எண்ணூருக்குப் போயாக வேண்டும். தோப்பின் பின்பாதியில் முழங்கால் அளவு தண்ணீர். விறகு அடுக்கு சரிந்துவிட்டது. சவுக்கு கனமான மரம் என்பதால் காய்ந்த கட்டைகளில் பாதி மிதந்தது, பாதி அடியில் கிடந்தது. நானும் என் கணவரும் மிதப்பதைப் பிடித்து மாடிப்படியில் அடுக்கினோம். நான்கு நாள் மின்சாரம் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து படகும் வலையும் கூழைக்கடாக்களும் கறுத்துப்போன செய்தி, எங்கள் கைப்பேசிக்கு உயிர் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த நான்கு நாளும் எங்கள் வெந்நீர் அடுப்பில் மூன்று வீட்டுக்குச் சோறு பொங்கியது. பக்கத்து வீட்டுத் தாத்தா அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, புகை எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார் ஒரு முறை. அவ்வளவுதான், அந்தப் பழைய கணக்கு தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி வருவது, அதை அத்தை சூள் கொளுத்திப் பொசுக்குவது, மாம்பூவைப் பனி கருக்குகிறது என்று நான் கவலைப்படுவது, பனங்கொட்டை புதைத்த பாத்தியைத் தையில் கிளறிக் கிழங்கு எடுப்பது எல்லாம் வருடாவருடம் நடக்கிறவை. கிழங்கைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும், இன்னொரு நாள்.

சருகை விட்டுவைத்த மூன்றாவது ஐப்பசி. கூட்டிக்கொண்டிருந்தபோது பத்தடிக்கு அப்பால், மாவடியில், சரக் சரக்கென்று சத்தம். ஓணான் என்று நினைத்தேன். சருகு ஒன்று தானாகப் புரண்டது. அதன் பின்னால் மைனாவைவிடச் சின்னதாக, வாலை யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி ஒரு பறவை. முதுகு பச்சை, தோளில் ஒரு கீற்று நீலம், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமம் கொட்டிய மாதிரி சிவப்பு. அலகால் ஓர் இலையைப் பற்றி எறியும், அடியில் பார்க்கும், இரண்டு தத்து தத்தும், அடுத்த இலை. வீட்டில் அரிசி புடைக்கும்போது கல் பொறுக்குவோமே, அந்த நிதானம். துடைப்பத்தைப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றேன்.

ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பெயர் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. சிலது இலங்கை வரை போகும். அது உண்பதெல்லாம் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது. விடியும் நேரத்திலும் அந்தி சாயும் நேரத்திலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். சத்தத்தை வைத்து அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். சிறு வயதில் மீஞ்சூர்ப் பக்கம் அவர் ஊரில் சாயங்காலம் அது கூவினால் மாட்டை ஓட்டிவந்து கட்டுவார்களாம். ஆளைப் பார்த்தது இப்போதுதான், அறுபத்தெட்டு வயதில். “இவ்வளவு நகை போட்டுக்கொண்டா தரையில் குப்பை கிளறுகிறது!” என்றார்.

நான் சருகை விட்டதால்தான் அது வந்தது என்று சொல்லமாட்டேன். முன்பும் வந்திருக்கலாம். அப்போது நான் புகைக்குள் நின்றிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிறது, சித்திரையில் போய்விடுகிறது. சவுக்குக்கு அடியில் அது கால் வைத்து நான் பார்த்ததில்லை. அத்தை இப்போது பத்தடி உடன்படிக்கையை எட்டடியாகக் குறைத்திருக்கிறார். அவராகவே. கேட்டால் குனிந்து கூட்டினால் இடுப்பு வலிக்கிறதாம், அதுவும் என் இடுப்பு.

இந்தப் போகிக்கு மகளுக்கு ஒரு மேளம் வாங்கிக் கொடுத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கே அடிக்கத் தொடங்கிவிட்டாள். வாசலில் பழைய கோரைப்பாய் ஒன்று, தேய்ந்த துடைப்பம் இரண்டு, ஒரு முறம். அத்தை ஒரே குச்சியில் பற்றவைத்தார். இரண்டு தெரு தள்ளி யாரோ டயர் கொளுத்தியிருந்தார்கள், நாற்றம் வந்தது. சிறிது நேரத்தில் ஊர் முழுக்கப் புகையும் பனியும் கலந்து தெருவிளக்கு மஞ்சள் உருண்டையாக மிதந்தது. எதிர்வீடு தெரியவில்லை. நாங்கள் அடுப்பருகே வெந்நீருக்காக உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி ஆனது. ஆறே கால். மாவடியிலிருந்து சத்தம் இல்லை. மகள் மேளத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

ஆறே முக்காலுக்கு விசில் கேட்டது. இரண்டு சுரம், பிறகு மறுபடி இரண்டு.

“பண்டிகை நாள் அல்லவா, அதுவும் இன்றைக்குக் கொஞ்சம் தூங்கிவிட்டது” என்று சொல்லிவிட்டு அத்தை அண்டாவின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார்.